காவலரைக் காப்பது யார்?

மாலை வேளையில் கீழ்க்கட்டளைப் பேருந்து நிலையத்தில் இறங்கி, மேடவாக்கம் சாலையிலிருந்து பிரியும் தெருக்களுள் ஒன்றில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில், உடலளவுக்குச் சற்றே பெரிதான நீலச் சட்டை அணிந்த ஒருவர். அருகே வருவோர் போவோரின் பெயரெழுதும் தடித்த குறிப்பேடு. அதனோடு நூலால் கட்டிய பேனா. ஏரியை நம்பிய சிற்றூராய் இருந்த இவ்விடம் நம் கண்முன்னேயே புறநகராகி, பல்லாவரம் நகராட்சியோடு சேர்ந்து 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிற்று. ஏரியின் பரப்பு குறைந்தது, மதில்கள் உயர்ந்தன, மதிலுக்கொரு காவலாளி வந்தார்.

அவரை நாம் 'வாட்ச்மேன்' என்கிறோம். சற்று நாகரிகமாகப் பேச விரும்புவோர் 'செக்யூரிட்டி' என்பர். குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கையைத் தமிழில் எழுத நேரும்போது மட்டும் 'காவலாளி' என்று எழுதுகிறோம். எழுதும்போதுகூட அச்சொல்லின் எடையை நாம் உணர்வதில்லை. நாம் குடியிருக்கும் கட்டடத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த சிறு நிகழ்ச்சியொன்று அச்சொல்லைப் பற்றிச் சிந்திக்குமாறு நம்மை நெருக்கிற்று. அந்நிகழ்ச்சியைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் சொல்லையே நோக்குவோம்.

'கா' என்பது ஓரெழுத்து ஒருமொழி. காத்தல் என்னும் வினையும், சோலை என்னும் பெயரும் அதற்குப் பொருள். காவல், காப்பு, காவலன், காவலர், காவலாளி, காவற்காரர் ஆகிய அனைத்தும் காத்தல் என்னும் வினையில் கிளைத்தவை. நூலின் தொடக்கத்தில் வைக்கும் வேண்டுதல் காப்பு. திருவிழாவுக்குமுன் மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் கயிறு காப்பு. குழந்தையின் கைக்கு இடும் வளையும் காப்பு. இவற்றோடு இன்னொரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஒருவர் வரும்வரை எதிர்நோக்கியிருப்பதையும் தமிழர் காத்தல் என்றே வழங்கினர். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரவெல்லாம் ஒரு தாய் காத்திருக்கிறாள் என்கிறோமே, அவள் செய்வது காவலா, காத்திருப்பா என்று பிரிக்க இயலுமோ? நம் வாயிற்காவலரும் இவ்விரண்டையும் ஒருங்கே செய்கிறார். வாராத கள்வனுக்காகவும் விடியாத பொழுதுக்காகவும் அவர் காத்திருக்கிறார். பிறர் உறங்கும்பொருட்டு ஒருவர் விழித்திருத்தல் என்பதே இத்தொழிலின் சாரம்.

இத்தகைய சொல் ஒருகாலத்தில் அரசனுக்கு உரியதாயிருந்தது. பழம்பாடல்களில் காவலன் என்றால் வேந்தன். வள்ளுவரும் கொடுங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறளில் அரசனைக் காவலன் என்றே குறித்து, அவன் காவாதொழிந்தால் நாட்டுக்கு நேரும் கேட்டைச் சொல்லி முடிக்கிறார். ஆளுதல் என்பது காத்தலின் மறுபெயர் என்பதே அக்கால எண்ணம். அரியணையில் இருந்த அச்சொல் படிப்படியாக இறங்கி, இன்று வாயிலோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து அமர்ந்திருக்கிறது. அரசின் காவல்துறையிலும் இவ்வாறே. 'போலீஸ்' என்பதை விடுத்துக் காவல்துறை என்று வழங்கத் தொடங்கியபோது அழகான பெயரையே தேர்ந்தோம். ஆனால் அத்துறையின் பதவிப் பெயர்களைக் கீழிருந்து மேலாகப் படித்துப் பாருங்கள்: காவலர், தலைமைக் காவலர், அதன்பின் உதவி ஆய்வாளர், ஆய்வாளர், கண்காணிப்பாளர், தலைமை இயக்குநர். கீழ்ப்படியில் நிற்போருக்கு மட்டுமே காக்கும் பெயர். மேலே செல்லச் செல்ல ஆய்தல், கண்காணித்தல், இயக்குதல் என்று பெயர்கள் மாறிவிடுகின்றன. மொழிபெயர்த்தோர் இதனைக் கருதிச் செய்திருக்கமாட்டார்கள். எனினும் மொழி சில வேளைகளில் நம்மை அறியாமல் நம் உள்ளத்தைச் சொல்லிவிடுகிறது.

காவல் என்பது சம்பள வேலையாகுமுன் நம் ஊர்களில் எவ்வாறு இருந்தது? நாம் வாழும் இப்பகுதி பழைய செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்தது. 1763இல் ஆற்காட்டு நவாபு இச்சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பவர் இதன் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்குகளைக் கொண்டு பார்த்தால், களத்து நெல்லை உழுதவரும் அரசும் பங்கிடுமுன்பே ஊர்ப் பணியாளர் பலருக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது தெரியவருகிறது. கணக்கர், தச்சர், கொல்லர், வண்ணார் ஆகியோரோடு ஊர்க்காவலுக்கும் பங்கு உண்டு. காவலுக்குரியவர் விளைச்சலில் பங்காளி. விளைந்தால் அவருக்கும் மிகுதி, பொய்த்தால் அவருக்கும் குறைவு. சாதியின் ஏற்றத்தாழ்வுகளால் கட்டிய ஊரமைப்பு அது என்பதை நாம் மறக்கவில்லை. அதனை மீட்கவேண்டுமென்று எவரும் விரும்பார். எனினும் காப்பவர் ஊருக்கு வெளியாள் அல்லர் என்னும் ஓர் உண்மை அதில் இருந்தது.

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் காவல் இன்னும் கடுமையான உடன்படிக்கையாய் விளங்கிற்று. பாளையக்காரர்கள் தேசகாவல் என்றும் தலகாவல் என்றும் வரி தண்டினர். ஊரளவில் காவற்காரர் ஊதியம் பெற்றனர். இங்கே நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. களவுபோன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க இயலாவிடில், அதன் விலையைக் காவற்காரரே ஈடுசெய்ய வேண்டும் என்பது வழக்கம். இன்றைய எந்தக் காவல் ஒப்பந்தத்திலும் இத்துணை நேரான பொறுப்பைக் காண்பது அரிது. காக்கிறேன் என்று சொன்னவன், காக்கத் தவறியதற்கு விடைசொல்லியாக வேண்டும்.

அந்த வழக்கம் மாசற்றது என்று நாம் சொல்லவரவில்லை. காவல் வரி கொடாத ஊரில் களவு நிகழ்வதும், போன மாட்டைப் பற்றித் துப்புச் சொல்ல 'துப்புக்கூலி' பெறுவதும் பின்னாளில் பெருகின. காப்பவனுக்குக் கொடுக்கும் கூலி, அவனிடமிருந்து தப்புவதற்குக் கொடுக்கும் கூலியாக மாறும் எல்லைக்கோடு மிக மெல்லியது. கம்பெனியார் பாளையங்களை ஒடுக்கியபின் காவல் உரிமையைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டனர். 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்குச் சீருடைக் காவற்படை வந்தது. தலைமுறை தலைமுறையாகக் காவலை உரிமையாகக் கொண்டிருந்த மக்களின் கதி யாது? 1871இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் இம்மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. காவற்காரராய் இருந்தோர் பலரின் பிள்ளைகள், பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவேட்டில் எழுதப்பட்டனர். அப்பதிவை எதிர்த்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947இல். காவலர் என்னும் பெயரிலிருந்து கள்வர் என்னும் பெயருக்கு ஒரு சமூகத்தைத் தள்ள அரசின் ஒரு கையெழுத்தே போதுமானதாயிருந்தது. காவலாளியின்மீது ஐயம் எத்துணை விரைவாக விழுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமோ?

சொல்லின் இன்னொரு முகத்துக்கு வருவோம். காவலில் வைத்தல் என்றால் அடைத்து வைத்தல். நீதிமன்றக் காவல் என்றால் சிறை. காக்கும் சொல்லே பூட்டும் சொல்லாகவும் இருப்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீனில் 'குஸ்தோதியா' என்பதும் இவ்விரு பொருளையும் தாங்குகிறது. இரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றினும், ஆழ்ந்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஒருவனைக் காவலில் எடுக்கும்போது, தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை அவனிடமிருந்து அரசு பறித்துவிடுகிறது. ஓட முடியாது; கதவைத் தாழிட முடியாது; அண்டை வீட்டாரைக் கூவ முடியாது. ஆகவே அந்நொடி முதல் அவன் உயிருக்கு அரசே பொறுப்பு. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்வதும், டி. கே. பாசு வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் கைதுக்குரிய நெறிகளை வரையறுத்ததும் இப்பொறுப்பைக் கருதியே. 'காவல் மரணம்' என்னும் சொற்றொடரை நாள்தோறும் செய்தித்தாளில் படித்துப் பழகிவிட்டோம். சற்றே நின்று அவ்விரு சொற்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நெஞ்சு நடுங்கும்.

2020 சூன் 19ஆம் நாள் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து கடையைத் திறந்துவைத்தனர் என்று சொல்லி ஜெயராஜ் என்னும் வணிகரும் அவர் மகன் பென்னிக்சும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கோவில்பட்டிக் கிளைச்சிறையில் அடைக்கப்பட்ட இருவரும் 22ஆம் நாள் இரவும் 23ஆம் நாள் காலையுமாக, ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து இதனைக் கையிலெடுத்தது. விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவருக்கே அந்நிலையத்தில் ஒத்துழைப்புக் கிட்டாமற்போகவே, நிலையத்தை வருவாய்த் துறையினரின் பொறுப்பில் வைக்க நீதிமன்றம் ஆணையிட்டது. காவல் நிலையத்துக்கே காவல் வைக்கவேண்டியதாயிற்று! ஆயினும் அவ்விரவைப் பற்றிய உண்மை அந்நிலையத்தின் உள்ளிருந்தே வெளிவந்தது. அங்குப் பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி, தாம் கண்டதை நடுவரிடம் வாக்குமூலமாகக் கொடுத்தார். பின்னர் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பாதுகாப்பு அளிக்குமாறு நீதிமன்றம் பணித்தது. தம் உடன்பணியாளரிடமிருந்து ஒரு காவலருக்குக் காவல்.

ஐந்தாண்டுகள் கழித்து, 2025 சூன் மாதம், சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் நிகழ்ந்தது நம்மை இன்னும் ஆழமாய்த் தைக்கிறது. அங்கே காளி கோயிலில் தற்காலிகக் காவலாளியாய் இருந்தவர் அஜித்குமார் என்னும் இளைஞர். வழிபட வந்த ஒருவரின் காரில் இருந்த நகை காணாமற்போனது என்று புகார் வந்தது. காரை நிறுத்தித் தரும்படி சாவியைக் கொடுத்திருந்தனர். அவருக்கோ கார் ஓட்டத் தெரியாது. வேறொருவரிடம் சாவியைக் கொடுத்திருந்தார். தனிப்படையினரால் விசாரணைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் சூன் 28ஆம் நாள் இறந்தார். உடற்கூறாய்வில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். காவலர் ஐவர் கைதாயினர். வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. தாக்குதலைக் கைப்பேசியில் படம் எடுத்திருந்த மற்றொரு பணியாளர், தம் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டி முறையிட்டார். காவலாளி, காவலர், காவல் என்னும் மூன்று சொற்களும் ஒரே நாளில், ஒரே உடல்மீது வந்து மோதின.

மடப்புரம் மதுரையிலிருந்து தொலைவில் இல்லை. வையைக்கரை வழியே சென்றால் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். அதே மதுரையில், நகை களவாடினான் என்று ஒருவன் சொன்ன சொல்லை ஆராயாமல் ஏற்று, ஒரு வணிகனைக் கொல்லுவித்த காவலனின் கதையை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் பிழையையே எல்லோரும் பேசுவர். நாம் நினைவூட்ட விரும்புவது வேறொரு சிறிய இடம். அரசன் ஏவலால் பொற்கொல்லனுடன் சென்ற ஊர்க்காவலர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர்; இவன் தோற்றம் கள்வனுக்குரியதாய் இல்லையே என்கின்றனர். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை அடுக்கி அவர்கள் ஐயத்தைக் கரைக்கிறான். பேச்சு நீள்கிறது. அதற்குள் அறிவில்லாத, குடிமயக்கில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். தயங்கியவர்கள் தடுக்கவில்லை. அவர்கள் பின்னர் என்ன ஆயினர் என்று இளங்கோவடிகள் சொல்லவும் இல்லை. தன்னையே கள்வனென்று உணர்ந்த பாண்டியன் உயிர்விட்டுத் தன் பெயரை மீட்டுக்கொண்டான். தயங்கி நின்றோர் மட்டும் தயங்கியவாறே காப்பியத்துள் நின்றுவிட்டனர்.

காவலரைக் காவல் காப்பது யார் என்பது உரோமைப் புலவர் யூவெனாலின் புகழ்பெற்ற கேள்வி. அரசியல் பேசுவோர் இதனை இன்று அதிகாரத்தைக் கண்காணிப்பது பற்றியே எடுத்தாள்வர். அவர் கேட்டதோ, மனைவிக்குக் காவல் வைக்கும் கணவரைப் பார்த்து. பூட்டிவைக்கும் காவலால் பயனென்ன என்று வள்ளுவரும் வாழ்க்கைத் துணைநலத்தில் கேட்டிருப்பதை நம் அன்பர்கள் அறிவர். பெண்ணைக் காவலுக்குரிய பொருளாய் எண்ணிய காலத்தின் நிழல் இரண்டிலும் உண்டு. அது தனியே பேசத்தக்கது. நாம் சொல்லவந்தது இது: அக்கேள்வியைத் தமிழில் கேட்டால் அதன் பொருள் இரண்டாகிறது. காவலரைக் காப்பது யார்? அவர் தவறாதபடி பார்த்துக்கொள்பவர் யார் என்பது ஒரு பொருள். அவருக்கு ஓர் இடர் வந்தால் அவர் முன்னே வந்து நிற்பவர் யார் என்பது மற்றொரு பொருள். முதற்கேள்விக்கு விடையாய்ச் சட்டங்களும் ஆணையங்களும் கண்காணிப்புக் கருவிகளும் பெருகிவிட்டன. தனியார் காவல் நிறுவனங்களை முறைப்படுத்த வந்த 2005ஆம் ஆண்டுச் சட்டமும், காவலாளியாய் அமர்த்தப்படுவோரின் முன்னடத்தையை விசாரித்தறிய வழிசெய்கிறது. நன்று. அவரை அமர்த்தும் நம்முடைய நடத்தையை அவர் விசாரித்தறிய எங்கும் வழியில்லை. இரண்டாம் கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

திருமறையின் முதல் நூலிலேயே ஒருவன் காவல் என்னும் சொல்லைத் தட்டிக்கழிக்கிறான். தம்பியைக் கொன்றுவிட்டு வந்த காயின், தம்பி எங்கே என்ற கேள்விக்கு, அவனுக்குத் தான் காவலாளியா என்று எதிர்க்கேள்வி கேட்கிறான். தமிழில் மொழிபெயர்த்தோர் காவலாளி என்னும் சொல்லையே அங்கு இட்டனர். எபிரேய மூலத்தில் அவ்விடத்து வரும் வினைச்சொல், ஆதிமனிதனிடம் தோட்டத்தை ஒப்படைத்த இடத்திலும் வருகிறது. தோட்டத்தைக் காக்க ஏவப்பட்டவனின் மகன், தம்பியைக் காப்பது தன் வேலையன்று என்கிறான். பொருளைக் காப்பதற்கும் ஆளைக் காப்பதற்கும் இடையே விழுந்த முதற்பிளவு அது எனலாம்.

நம் முன்னோர் 'காவற்சம்மனசு' என்று வேண்டிய வானதூதரை, இன்று காவல்தூதர் என்கிறோம். 1870இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் திருச்சபை முழுமைக்கும் சூசையப்பரைப் பாதுகாவலராய் அறிவித்தார். 1989இல் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைப் பற்றி எழுதிய மடலுக்கு 'மீட்பரின் காவலர்' என்றே பெயர். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் வாய்திறந்து பேசியதாய் ஒரு சொல்லும் இல்லை. இரவில் எழுகிறார், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு நடக்கிறார். அவர் எப்போது இறந்தார் என்பதும் அங்கு எழுதப்படவில்லை. வாயிலோரத்தில் நீலச் சட்டையோடு அமர்ந்திருப்பவரின் பெயரை அறியாத நாம், மார்ச்சு மாதம் முழுவதும் இவருக்கு வணக்கமாதம் கொண்டாடுகிறோம்.

இனி, முன்னர்க் குறித்த நிகழ்ச்சி. நம் கட்டடத்துக்கு வாயிற்காவலராய் வந்தவர் அறுபதைக் கடந்த ஒரு முதியவர். யாரோ ஒருவர் சொல்லி வந்தார். தெற்கே ஏதோ ஒரு மாவட்டம் என்று கேட்ட நினைவு. பிள்ளைகள் 'வாட்ச்மேன் தாத்தா' என்பார்கள். பெரியோர்க்கு அவர் வெறும் வாட்ச்மேன். மாலை ஏழுமணி முதல் காலை ஏழுமணிவரை பணி. தண்ணீர் ஏற்றும் மோட்டாரையும் அவரே போடுவார். ஒருநாள் காலை, இரண்டாம் தளத்துப் பையனின் புது மிதிவண்டியைக் காணவில்லை. அன்று மாலையே கூட்டம் கூடிற்று. இரவில் அவர் தூங்குகிறார் என்றார் ஒருவர். வெளியாள் சிலர் அவரோடு பேசிக்கொண்டிருந்ததைக் கண்டதாய் இன்னொருவர் சொன்னார். அவரே எடுத்திருப்பார் என்று எவரும் வெளிப்படையாய்ச் சொல்லவில்லை. எல்லோரும் அவ்வாறே பேசினர். பெரியவர் ஒருமுறை, "நான் பார்க்கலீங்க ஐயா" என்றார். அவ்வளவே. அரைமாதச் சம்பளம் ஏழாயிரம் ரூபாயை நிறுத்திவைப்பது என்றும், மறுநாள் முதல் அவர் வரவேண்டாம் என்றும் முடிவாயிற்று. நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம். இது சரியன்று என்று நமக்குத் தோன்றாமல் இல்லை. கையை உயர்த்தவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை. மறுநாள் விடியலில் அவர் ஒரு துணிப்பையுடன் பேருந்து நிலையம் நோக்கி நடந்து சென்றதை மாடியிலிருந்து பார்த்தோம்.

பதினெட்டு நாள் கழித்து மிதிவண்டி கிடைத்தது. விருந்துக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன் விடியுமுன் எடுத்துக்கொண்டு போய், பல்லாவரம் இரயில் நிலையத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, சொல்லாமலேயே ஊருக்குப் புறப்பட்டிருக்கிறான். பெரியவரைக் கூப்பிடலாம் என்று பார்த்தால், அவர் கொடுத்திருந்த எண் வேலை செய்யவில்லை. சேர்த்துவிட்டவருக்கும் அவர் ஊர் சரியாய்த் தெரியவில்லை. வருவோர் போவோரின் பெயரையெல்லாம் எழுதிவைத்திருந்த அக்குறிப்பேட்டைப் புரட்டினோம். பால்காரர், எரிவாயு உருளை கொண்டுவருபவர், தபால்காரர், நம் விருந்தினர் என்று எல்லோருடைய பெயரும் அவருடைய கோணலான கையெழுத்தில் இருந்தன. அவர் பெயர் எங்கும் இல்லை. சங்கத்தின் செலவுக் கணக்கிலும் மோட்டார் பழுதுபார்ப்புக்கும் பினாயிலுக்கும் நடுவில் 'வாட்ச்மேன் சம்பளம்' என்றே மாதந்தோறும் எழுதியிருக்கிறது.

அந்த ஏழாயிரம் ரூபாய் இன்றும் சங்கத்தின் கணக்கில் நிலுவையாய் நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் தணிக்கை செய்ய வருபவர் அவ்வரியில் விரலை வைத்து, இது யார் பெயருக்கு என்று கேட்கிறார்.